கேள்வி எங்கே தங்கும்? வகுப்பு விவாதத்துக்கு இணையத்தில் இடம் அமைப்பது பற்றி

கல்லூரி திறந்த முதல் நாளே, கிளாஸ் ரெப் யார் என்று முடிவாவதற்கு முன்பே, வாட்ஸ்அப் குரூப் உருவாகிவிடுகிறது. யாரும் உட்கார்ந்து யோசித்து எடுத்த முடிவு இல்லை அது. எல்லாருடைய போனிலும் இருக்கிறது, அதனால் அதிலேயே தொடங்கிவிடுகிறோம். நானும் பல வருடங்கள் அப்படித்தான் செய்தேன். பி.காம். இரண்டாம் ஆண்டுக்குச் செலவுக் கணக்கியல் நடத்துகிறேன். வகுப்பில் அறுபது பேருக்கு மேல். பாதிப் பேர் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள். கடைசி மணி அடித்ததும் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற பிள்ளைகளை நிறுத்தி வைத்து டவுட் கேளுங்கள் என்று சொல்ல மனசு வராது. இப்படிப்பட்ட வகுப்புக்கு, வகுப்பறைக்கு வெளியே பாடத்தைப் பேச ஓர் இடம் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதை எதில் அமைப்பது என்பதில்தான் நிறையத் தடுமாறினேன். இந்த ஜூனில் அதே முடிவை எடுக்க வேண்டிய ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இரண்டு விஷயங்கள் என் யோசனையை மாற்றின. ஒருநாள் இரவு பத்து மணி வாக்கில் எங்கள் வகுப்புக் குரூப்பில் ஒரு மாணவன் கேட்டான்: "சார், பி.வி. ரேஷியோ கண்டுபிடிக்காம நேரா பிரேக் ஈவன் போட முடியாதா?" பிரேக் ஈவன் என்பது லாபமும் நஷ்டமும் இல்லாத விற்பனை அளவு. பி.வி. ரேஷியோ என்பது விற்பனையில் மாறும் செலவு போக மிஞ்சும் சதவீதம். அருமையான கேள்வி. முடியும், ஒரு பொருளுக்கு இவ்வளவு என்று கொடுத்திருந்தால் முடியும், மொத்த விற்பனை மட்டும் கொடுத்திருந்தால் முடியாது. இந்த வித்தியாசம் புரிந்தால் அந்தப் பாடமே பாதி புரிந்த மாதிரி. காலையில் விரிவாக எழுதலாம் என்று நினைத்துக்கொண்டு படுத்தேன். காலையில் பார்த்தால் அதற்கு மேல் ஒரு பிறந்தநாள் வாழ்த்து, அதற்கு வந்த நாற்பது இதயங்கள், பரீட்சைக் கட்டணத்துக்குக் கடைசித் தேதி, யாரோ தொலைத்த ஐ.டி. கார்டு. என் கண்ணிலேயே படவில்லை. மூன்று வாரம் கழித்து, இன்டர்னல் தேர்வுக்கு முந்தின நாள், இன்னொரு பெண் அதே கேள்வியைக் கேட்டபோதுதான் முதல் கேள்வி ஞாபகம் வந்தது. தவறு செயலியுடையது இல்லை. அறிவிப்புக்கும் அரட்டைக்கும் பாடத்துக்கும் ஒரே வாசலை வைத்தவர்கள் நாங்கள்.

இரண்டாவது, அதே செமஸ்டரில். எழுத்துத் தேர்வில் நன்றாக எழுதுகிற ஒரு மாணவி குரூப்பில் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. ஏன்மா என்று கேட்டதற்கு, "தப்பா கேட்டா ஸ்கிரீன்ஷாட் எடுத்துடுவாங்க சார்" என்றாள். அப்புறம் கொஞ்சம் தயங்கி, குரூப்பிலிருந்து எண்ணை எடுத்து யாரோ ராத்திரியில் மெசேஜ் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள் என்றும் சொன்னாள். அதைத் துறைத்தலைவரிடம் கொண்டுபோய் முடித்தோம். ஆனால் அவளுடைய எண்ணை அறுபது பேருக்கும் கொடுத்தது என் ஏற்பாடு என்பது மனசை உறுத்திக்கொண்டே இருந்தது.

ஆகவே எந்த வசதியை எடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது இந்த இரண்டைத்தான். கேட்ட கேள்வி ஒரு மாதம் கழித்தும் கிடைக்குமா? கூச்சப்படுகிற பிள்ளை பயமில்லாமல் கேட்க வழி இருக்கிறதா? மற்றதெல்லாம் பிறகு.

கேள்வி தங்க வேண்டும் என்பது கணினிவழி விவாதம் தொடங்கிய காலத்துக் கவலையும்கூட. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பிளேட்டோ என்ற கணினிவழிக் கல்வி அமைப்பு இருந்தது. அதில் ஏற்படும் கோளாறுகளைப் பயன்படுத்துகிறவர்கள் ஒரு பொதுக் கோப்பில் எழுதி வைப்பார்கள். யார் வேண்டுமானாலும் அதைத் திருத்தலாம் என்பதால், ஒருவர் எழுதியதை இன்னொருவர் அழித்துவிட முடிந்தது. இதற்கு மாற்றாக 1973-ல் டேவிட் வூலி என்ற 17 வயது மாணவர் 'நோட்ஸ்' என்ற நிரலை எழுதினார். ஒவ்வொரு குறிப்புக்கும் தலைப்பு, தேதி, அதன் கீழேயே பதில்கள். இன்று நாம் பார்க்கும் விவாதப் பக்கங்களின் மூதாதை அது. ஐம்பது வருடத்துக்கு முன்பே தீர்ந்த சிக்கலை நாம் அரட்டைக் குரூப்பில் மறுபடியும் இழுத்துவிட்டுக்கொள்கிறோம்.

வாட்ஸ்அப்: விட முடியாது, ஆனால் எல்லாவற்றுக்கும் அதுவே கூடாது

வாட்ஸ்அப்பை ஒதுக்கிவிட்டு நம் ஊரில் ஒரு வகுப்பை நடத்த முடியாது. அதை ஒத்துக்கொண்டே தொடங்க வேண்டும். மாணவர்கள் கண் விழித்ததும் பார்ப்பது அதைத்தான். தனியாக லாகின் வேண்டாம், பாஸ்வேர்ட் வேண்டாம். ஒரு குரூப்பில் 1,024 பேர் வரை சேர்க்கலாம், எந்த வகுப்புக்கும் போதும். 'நாளை முதல் ஹவர் இல்லை' என்பதை இதைவிட வேகமாகச் சொல்ல வேறு வழி கிடையாது.

சிக்கல், பாடம் பேசும்போதுதான். எல்லாச் செய்தியும் ஒரே வரிசையில் ஓடுகிறது. குறிப்பிட்ட செய்திக்குப் பதில் சொல்லும் வசதி இருந்தாலும் அந்தப் பதிலும் அதே ஓட்டத்தில்தான் போய் விழும். நம் பிள்ளைகள் நிறையப் பேர் கேள்வியை வாய்ஸ் மெசேஜாகவோ நோட்டுப் பக்கத்தைப் போட்டோ எடுத்தோ அனுப்புகிறார்கள். தமிழில் தட்டச்சு செய்யக் கைவராததால்தான், சோம்பலால் இல்லை. ஆனால் பிறகு தேடும்போது வாய்ஸும் போட்டோவும் சிக்காது. இதற்கு ஒரு சின்ன மருந்து உண்டு. கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகையில் மைக்கை அழுத்தித் தமிழில் பேசினால் எழுத்தாக வரும். முதல் வாரத்தில் வகுப்பிலேயே பத்து நிமிடம் ஒதுக்கி இதைக் காட்டிவிடுங்கள். எந்த வசதியைத் தேர்ந்தெடுத்தாலும் அந்தப் பத்து நிமிடம் வீண்போகாது.

போன் எண் விஷயத்தைப் பலரும் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். சாதாரணக் குரூப்பில் சேர்ந்தவர்களின் எண் மற்றவர்களுக்குத் தெரியும். முதலாண்டில் சேர்கிறவர்களில் 18 வயது நிரம்பாதவர்களும் இருக்கிறார்கள். 2023-ம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அவர்களைக் குழந்தைகள் என்றே வகைப்படுத்துகிறது. சட்டத்தை விடுங்கள், ஒரு பெண் பிள்ளையின் எண்ணை அவளைக் கேட்காமல் ஊருக்குக் கொடுக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது? 2022 நவம்பரில் வந்த 'கம்யூனிட்டி' வசதி இதற்கு ஓரளவு உதவும். அதன் அறிவிப்புப் பகுதியில் உறுப்பினர்களின் எண்கள் ஒருவருக்கொருவர் தெரியாது, அட்மினுக்கு மட்டும் தெரியும். புதிய அறிவிப்பை எழுதுவதும் அட்மின் மட்டுமே. அதே கம்யூனிட்டிக்குள் இருக்கும் சிறு குரூப்பில் சேர்ந்தால் அங்கே எண் தெரிந்துவிடும் என்பதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் முடிவு: வாட்ஸ்அப் அறிவிப்புப் பலகை. அதில் பாடம் பேச வேண்டாம். இதை முதல் நாளே சொல்லி, மீறும்போதெல்லாம் அன்பாக "இதை அங்கே போடுப்பா" என்று திருப்பி அனுப்ப வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் பழகிவிடுகிறார்கள்.

டெலிகிராம் இதில் சில குறைகளைத் தீர்க்கிறது. எண்ணை மறைத்துக்கொள்ளலாம், பின்னால் சேர்கிறவருக்கும் பழைய உரையாடலைக் காட்டலாம், 2022-லிருந்து ஒரே குரூப்பைத் தலைப்பு வாரியாகப் பிரிக்கவும் வழி வந்திருக்கிறது. 'யூனிட் 3 கணக்குகள்' என்று தனித் தலைப்பே வைத்துவிடலாம். இருந்தும் நான் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. முன்பின் தெரியாதவர் நேரடியாகச் செய்தி அனுப்புவது அங்கே சுலபம். படங்களையும் புத்தகங்களையும் திருட்டுத்தனமாகப் பகிரும் சேனல்கள் அடுத்த தட்டலிலேயே நிற்கின்றன. பதினேழு வயதுப் பிள்ளையின் போனில் என் பாடத்துக்காக அதை ஏற்றச் சொல்வதற்கு எனக்குத் தயக்கமாக இருக்கிறது. மாணவர்கள் ஏற்கனவே அதில் இருக்கிறார்கள், நிர்வாகத்தைக் கவனமாகப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது என்றால் உங்கள் கணக்கு வேறாக இருக்கலாம்.

கூகுள் கிளாஸ்ரூம்: கையில் இருப்பதை வைத்துச் சமைப்பது

இணையத்தில் வகுப்பு நடத்தக் கூகுள் தரும் இலவச வசதி இது, 2014-ல் வந்தது. 2017-லிருந்து சொந்த ஜிமெயில் கணக்கு இருந்தாலே வகுப்பு தொடங்கலாம். கொரோனாக் காலத்தில் நம் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் நன்றாகப் பழகிவிட்டது. போன் எண் யாருக்கும் தெரியாது. சர்வர் கவலை இல்லை. இந்த மூன்றுக்காகவே, கல்லூரியில் தொழில்நுட்ப ஆள் இல்லாதவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்.

பெரும்பாலானோர் இதில் செய்யும் தவறு, 'ஸ்ட்ரீம்' பக்கத்தில் விவாதம் நடத்தப் பார்ப்பது. ஸ்ட்ரீம் என்பது வாட்ஸ்அப் மாதிரியே மேலிருந்து கீழே ஓடுகிற பட்டியல்தான். விவாதத்துக்கு உகந்த இடம் 'கிளாஸ்வொர்க்' பக்கம். அங்கே யூனிட் வாரியாகத் தலைப்புகள் போட்டு, ஒவ்வொன்றின் கீழும் 'கொஸ்டின்' வகையில் ஒரு கேள்வியை வையுங்கள். மாணவர்கள் ஒருவருக்கொருவர் பதில் எழுதலாம் என்ற தெரிவை இயக்கிவிட்டால், ஒருவர் தன் விடையை எழுதிய பிறகு மற்றவர்களுடையதைப் பார்த்துக் கருத்துச் சொல்லலாம். ஸ்ட்ரீமை ஆசிரியர் மட்டும் எழுதும்படி மாற்றிவிடுங்கள்.

இதன் குறை: கேள்வி கேட்பது எப்போதும் ஆசிரியர்தான். மாணவர் தானாக ஒரு விவாதத்தைத் தொடங்கி அதற்குத் தலைப்பு வைக்க இடம் இல்லை. பாடம் சூடுபிடிக்கும்போது இது ஒரு தடையாகவே தெரியும்.

மூடுல்: நான் வந்து சேர்ந்த இடம்

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மார்ட்டின் டூகியாமாஸ் தொடங்கி 2002-ல் வெளியிட்ட மென்பொருள் இது. இணையத்தில் வகுப்பு நடத்த உதவுவது, கட்டற்றது, அதாவது யாரும் இலவசமாக எடுத்துத் தங்கள் சர்வரில் நிறுவிக்கொள்ளலாம். உங்கள் கல்லூரியில் ஏற்கனவே இருக்கக்கூடும், கம்ப்யூட்டர் சயின்ஸ் துறையில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். நிறைய இடங்களில் நோட்ஸ் ஏற்றி வைக்க மட்டுமே அதைப் பயன்படுத்துகிறார்கள். அதன் விவாதப் பகுதியைத் திறந்து பார்ப்பவர்கள் குறைவு.

விவாதத்துக்கு அதில் ஐந்து வகைகள் இருக்கின்றன. நான் எல்லாவற்றையும் விளக்கப் போவதில்லை. ஒன்றே ஒன்றை மட்டும் நின்று சொல்ல ஆசைப்படுகிறேன்: கேள்வி-பதில் வகை. ஆங்கிலத்தில் 'க்யூ அண்ட் ஏ' என்று இருக்கும். ஆசிரியர் ஒரு கேள்வி வைப்பார். மாணவர் தன் விடையை எழுதி அனுப்பும்வரை மற்ற யாருடைய விடையும் அவருக்குத் தெரியாது.

இது என்ன மாற்றத்தைச் செய்கிறது என்பதை ஒரு கணக்கை வைத்தே காட்டுகிறேன். விற்பனை 2,00,000 ரூபாய், மாறும் செலவு (உற்பத்தி கூடினால் கூடுவது) 1,20,000, நிலைச் செலவு (உற்பத்தி கூடினாலும் குறைந்தாலும் மாறாதது) 50,000. பிரேக் ஈவன் விற்பனை எவ்வளவு? அரட்டைக் குரூப்பில் இதைப் போட்டால், இரண்டு நிமிடத்தில் முதல் வரிசை மாணவன் ஒருவன் 1,25,000 என்று எழுதிவிடுவான். சரியான விடை. அதற்குப் பிறகு வருவதெல்லாம் "சேம் ஆன்சர் சார்", "சேம் சார்", கட்டைவிரல். வகுப்பு முழுக்கப் புரிந்துவிட்டது என்று நான் நம்பி அடுத்த யூனிட்டுக்குப் போய்விடுவேன்.

இதே கணக்கை மூடுலின் கேள்வி-பதில் வகையில் வைத்தபோது, வரிசையாக வந்த விடைகளில் 83,333 என்ற எண் திரும்பத் திரும்ப வந்தது. ஒருவர் இருவர் இல்லை, பஸ்ஸில் ஒன்றாக வருகிறவர்களும் இல்லை, வகுப்பின் பல மூலைகளிலிருந்து வந்தது. உட்கார்ந்து பார்த்தேன். 50,000-ஐ 60 சதவீதத்தால் வகுத்திருக்கிறார்கள். அதாவது விற்பனையில் மாறும் செலவின் விகிதத்தை எடுத்துவிட்டார்கள். எடுக்க வேண்டியது மீதியுள்ள 40 சதவீதம், அதுதான் பி.வி. ரேஷியோ. 'நூறு ரூபாய்க்கு விற்றால் அறுபது ரூபாய் சரக்குக்கே போய்விடுகிறது, மிஞ்சும் நாற்பதுதான் வாடகையையும் சம்பளத்தையும் கட்டும்' என்று நான் வகுப்பில் ஒரு தடவை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. சூத்திரத்தை எழுதிப் போட்டுவிட்டு நகர்ந்திருந்தேன். பிள்ளைகளின் தவறு எனக்குத் தெரிந்தது, அதோடு என் பாடத்தில் எங்கே ஓட்டை என்பதும் தெரிந்தது. மறுநாள் டீக்கடைக் கணக்கை வைத்து அதைத் திரும்ப நடத்தினேன்.

இதற்காகவே மூடுல் என்று சொல்வேன். ஆனால் பின்பற்ற வேண்டிய சில நுணுக்கங்கள் இருக்கின்றன. கேள்வியை விவாதத்தின் முன்னுரைப் பெட்டியில் எழுதினால் வேலை செய்யாது. உள்ளே ஒரு புதிய தலைப்பாகவே தொடங்க வேண்டும், நிறையப் பேர் இதில்தான் சறுக்குகிறார்கள். மாணவர் விடையை அனுப்பியவுடன் மற்ற விடைகள் தெரிந்துவிடாது, திருத்திக்கொள்ளக் கொடுத்திருக்கும் நேரம் முடிய வேண்டும். வழக்கமான அமைப்பில் அது 30 நிமிடம். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், "சார், எனக்கு மட்டும் ஒண்ணும் தெரியலை" என்று போன் வந்துகொண்டே இருக்கும்.

இன்னொன்று, நிறுவியவர் கவனிக்க வேண்டியது. மூடுலில் பின்னணி வேலைகளைச் செய்ய 'கிரான்' என்ற ஒன்று நிமிடத்துக்கு ஒரு தடவை ஓட வேண்டும். அது ஓடாவிட்டால் 'உங்கள் கேள்விக்குப் பதில் வந்திருக்கிறது' என்ற அறிவிப்பே போகாது. விவாதம் செத்துக் கிடக்கிறதே, மாணவர்களுக்கு ஆர்வமில்லையோ என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது, உண்மைக் காரணம் இதுவாக இருக்கலாம்.

தரவுச் செலவும் குறைவு. 2021-ல் ஜனவரி முதல் ஏப்ரல் வரை நாளுக்கு 2 ஜி.பி. கிடைக்கும்படி சுமார் 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குத் தமிழக அரசு இலவச டேட்டா கார்டு அறிவித்தது ஞாபகம் இருக்கும். அன்று அது வீடியோ வகுப்புக்காகத் தேவைப்பட்டது. எழுத்தில் நடக்கும் விவாதத்துக்கு அதில் ஒரு துளி போதும். மூடுல் செயலியில் பக்கங்களை இறக்கி வைத்துக்கொண்டு சிக்னல் இல்லாத இடத்திலும் படிக்கலாம். மலையடிவாரக் கிராமங்களிலிருந்து வருகிற பிள்ளைகளுக்கு இது பெரிய உதவி.

குறைகளுக்கு வருகிறேன். முதலாவது, யாரும் தானாக அங்கே போக மாட்டார்கள். பாஸ்வேர்ட் மறந்துபோகும். அதற்குத்தான் வாட்ஸ்அப் அறிவிப்புப் பலகை. ஒவ்வொரு வாரமும் நேரடி இணைப்பை அங்கே ஒட்டுங்கள், 'மூடுலுக்குப் போய்ப் பாருங்கள்' என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். இரண்டாவது, பெயரை மறைத்து எழுத அதன் விவாதப் பகுதியில் வழி இல்லை. மூன்றாவதுதான் பெரிது: யார் பராமரிப்பது? எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரியில் ஆர்வமுள்ள லேப் உதவியாளர் ஒருவர் எல்லாவற்றையும் தனியாளாக அமைத்தார். அவர் வேறு வேலைக்குப் போனார். சர்வர் ஒருநாள் நின்றது, பேக்கப் எடுத்திருக்கவில்லை. இரண்டு செமஸ்டர் விவாதங்கள், பிள்ளைகளின் விடைகள், ஆசிரியர்கள் இரவில் உட்கார்ந்து எழுதிய விளக்கங்கள் எல்லாம் போயின. ஆகவே உங்கள் கல்லூரியில் பேக்கப்புக்குப் பொறுப்பான ஒருவர் பெயரைச் சொல்ல முடியாவிட்டால், தனியாக சர்வர் வைத்து மூடுல் நிறுவாதீர்கள். கிளாஸ்ரூம் போதும்.

பெயர் சொல்லாமல் கேட்பது

பியாட்சா என்ற தளத்தைத் தொடங்கிய பூஜா சங்கர் கான்பூர் ஐ.ஐ.டி.யில் கணினி அறிவியல் படித்தவர். வகுப்பில் பெண்கள் மிகக் குறைவு. ஆண் மாணவர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசிப் படித்துக்கொண்டிருக்க, தான் அவர்களிடம் போய்க் கேட்கக் கூச்சப்பட்டு ஒதுங்கியே இருந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். பின்னாளில் ஸ்டான்ஃபோர்டில் படிக்கும்போது அந்த அனுபவத்திலிருந்து பிறந்ததுதான் பியாட்சா. சக மாணவர்களுக்குப் பெயர் தெரியாமல் கேள்வி கேட்கலாம் என்பதே அதன் முக்கியமான அம்சம். இன்னொரு நல்ல ஏற்பாடு, ஒரு கேள்விக்கு மாணவர்கள் எல்லாரும் சேர்ந்து திருத்தி வளர்க்கும் ஒரே விடை, அதன் கீழே ஆசிரியரின் விடை. பத்துப் பேர் பத்து விதமாக எழுதிக் குழப்புவது இல்லை. ஆங்கில வழியில் படிக்கும் பெரிய வகுப்புகளுக்கு, குறிப்பாகப் பொறியியலுக்கு, அதை எடுத்துப் பார்க்கலாம். என் வகுப்புக்கு அந்த ஆங்கில இடைமுகம் ஒரு சுவர். அதனால் அதன் கருத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

செய்தது எளிமையானது. மின்னஞ்சல் முகவரியைச் சேகரிக்காத ஒரு கூகுள் ஃபார்ம், அதில் ஒரே பெட்டி: 'உங்கள் கேள்வி'. அதன் இணைப்பை மூடுலில் முதல் பக்கத்தில் வைத்தேன். வருகிற கேள்விகளை நான் என் பெயரில் விவாதத்தில் போடுவேன். கிண்டலும் வரும், அதை அழித்துவிட்டால் போயிற்று. முன்பு சொன்ன மாணவி அதில் கேட்டாளா என்று எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. ஆனால் வகுப்பில் ஒருவரும் வாய்விட்டுக் கேட்காத கேள்விகள் அதில் வந்தன. 'சார், டெபிட்னா என்னன்னே எனக்கு இன்னும் புரியல' என்று இரண்டாம் ஆண்டில் ஒருவர் எழுதினால், அதை எழுத அவர் எவ்வளவு நாள் காத்திருந்திருப்பார்!

மற்றவை

விவாதப் பக்கங்கள் அமைப்பதற்கென்றே இருக்கும் டிஸ்கோர்ஸ் என்ற மென்பொருளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சென்னை ஐ.ஐ.டி.யின் பி.எஸ். பட்டப்படிப்பு 2020-ல் தொடங்கியது. நாடு முழுக்கப் பரவியிருக்கிற அதன் மாணவர்கள் பாடச் சந்தேகங்களைப் பேசுவது டிஸ்கோர்ஸில்தான். அதில் எனக்குப் பிடித்தது, புதிய கேள்விக்குத் தலைப்பு எழுதும்போதே அதைப் போன்ற பழைய கேள்விகளைப் பக்கத்தில் காட்டும். 'கேள்வி தங்க வேண்டும்' என்பதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு நான் பார்க்கவில்லை. ஆனால் தனி சர்வரும் மின்னஞ்சல் ஏற்பாடும் அதைக் கவனிக்க ஆளும் வேண்டும். ஒரு வகுப்புக்கு இவ்வளவு தேவையில்லை. ஒரு துறையோ கல்லூரி முழுதுமோ சேர்ந்து செய்தால், சீனியர்களின் விடைகள் ஜூனியர்களுக்கு வருடக்கணக்கில் பயன்படும்.

கணிதம், புள்ளியியல் நடத்துகிறவர்கள் ஜூலிப் என்ற அரட்டை வசதியைப் பாருங்கள். கட்டற்ற மென்பொருள். ஒவ்வொரு செய்திக்கும் தலைப்பு உண்டு, தவறான இடத்தில் எழுதியதை ஆசிரியர் சரியான தலைப்புக்கு நகர்த்தலாம், கணிதக் குறியீடுகளை அழகாகக் காட்டும். அவர்களுடைய சர்வரில் இலவசமாக வைத்துக்கொண்டால் கடைசி 10,000 செய்திகள்வரைதான் பார்க்க முடியும், ஒரு செமஸ்டருக்கு அது தாராளம். வீடியோ கேம் விளையாடுகிறவர்கள் நிறையப் பயன்படுத்தும் அரட்டைச் செயலியான டிஸ்கார்டு நிரலாக்க மாணவர்களுக்குப் பிடிக்கும், சேர்ந்து உட்கார்ந்து குரலில் பேசிக்கொண்டே வேலை செய்ய நல்லது. விளையாட்டு நண்பர்களும் அதே திரையில் இருப்பதால் பாட விவாதத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். மின்னஞ்சல் குழுக்களை நம் மாணவர்கள் திறப்பதே இல்லை, அதைப் பற்றி நீட்ட வேண்டாம்.

ஆசிரியரின் நேரம்

எந்த வசதியும் ஆசிரியர் வராவிட்டால் ஓடாது. எப்போதும் இருக்க வேண்டும் என்று நினைத்தாலும் ஓடாது, நாம் களைத்துவிடுவோம். அமெரிக்காவின் ஜார்ஜியா டெக்கில் அசோக் கோயல் நடத்திய இணையவழிச் செயற்கை நுண்ணறிவு வகுப்பில் சுமார் 300 மாணவர்கள் ஒரு செமஸ்டரில் 10,000 செய்திகள் வரை எழுதினார்கள். உதவி ஆசிரியர்களால் சமாளிக்க முடியாமல், 2016-ல் 'ஜில் வாட்சன்' என்ற நிரலை உருவாக்கி வழக்கமான கேள்விகளுக்குப் பதில் சொல்ல வைத்தார்கள். நமக்கு உதவி ஆசிரியரும் இல்லை, நிரலும் இல்லை. வாரத்துக்கு 16 மணி நேர வகுப்பு, விடைத்தாள், அட்மிஷன் வேலை எல்லாம் இருக்கிறது. ஆகவே நேரத்தை முதலிலேயே கட்டிப் போடுங்கள்.

நான் வைத்திருக்கும் முறை இது. ஞாயிறு மாலை ஒரு கேள்வி. புதன்வரை நான் வாயைத் திறப்பதில்லை. இது கஷ்டம், கை துறுதுறுக்கும், ஆனால் ஆசிரியர் விடை சொன்ன நிமிடமே மாணவர்கள் நிறுத்திவிடுவார்கள். புதன் இரவு ஒரு மணி நேரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்து, மூன்று நான்கு விடைகளைப் பெயர் சொல்லிப் பாராட்டி, பொதுவான தவறை விளக்கி எழுதுவேன். வகுப்பைப் பதினைந்து பேர் கொண்ட நான்கு குழுக்களாகப் பிரித்திருக்கிறேன், மூடுலில் அதற்கு வசதி உண்டு. அறுபது பேர் முன்னால் பேசாதவர்கள் பதினைந்து பேருக்குள் பேசுகிறார்கள். இன்டர்னலில் அசைன்மென்டுக்கு இருக்கும் மதிப்பெண்ணில் ஒரு சின்னப் பங்கை இதற்கு ஒதுக்கியிருக்கிறேன், விடை சரியா தவறா என்று பார்க்காமல் யோசித்து எழுதியதற்காக. மதிப்பெண்ணை அதிகமாக்கினால் ஒருவர் எழுதியதை ஒருவர் மாற்றி எழுதி ஒப்பேற்றத் தொடங்கிவிடுகிறார்கள், அதையும் பார்த்துவிட்டேன்.

முதல் வாரக் கேள்வியில் மட்டும் பாடத்தை வைக்காதீர்கள். வைத்தாலும் அவர்கள் வாழ்க்கைக்குள் வையுங்கள். நான் வைத்தது: 'வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்து போக உங்களுக்கு ஒரு நாளைக்கு என்ன செலவு? அதில் எது நிலைச் செலவு, எது மாறும் செலவு?'

ஒரு பெண் எழுதினாள், டவுன் பஸ் பெண்களுக்கு இலவசம் என்பதால் தனக்கு பஸ் செலவே இல்லை, ஸ்டாப்பிலிருந்து கல்லூரிக்கு ஷேர் ஆட்டோ பத்து ரூபாய், மழை பெய்தால் மட்டும். அப்படியானால் மழைதான் உன் உற்பத்தி அளவா என்று ஒரு பையன் கேட்டான். பஸ் பாஸ் வைத்திருப்பவன் ஒருவன், லீவு போட்டாலும் பாஸ் காசு திரும்ப வராது, அதனால் அது நிலைச் செலவு என்றான். மாதம் முடிந்ததும் மறுபடி வாங்குகிறாயே, படிக்காமல் நின்றுவிட்டால் வாங்க மாட்டாயே, அப்போது அது மாறும் செலவுதானே என்று இன்னொருத்தி மடக்கினாள். நிலைச் செலவு எவ்வளவு காலத்துக்கு நிலையானது என்ற கேள்வி பாடத்திட்டத்தில் மூன்றாவது யூனிட்டில் வருகிறது. திங்கட்கிழமை இரவு பதினொரு மணிக்கு, நான் ஒரு வார்த்தையும் எழுதாமலே, அவர்கள் அங்கே போய் நின்றார்கள். அந்தப் பக்கம் இன்றும் அப்படியே இருக்கிறது. மூன்றாவது யூனிட் தொடங்கும் நாளில் அதைத் திரையில் போட்டுத்தான் வகுப்பை ஆரம்பிக்கிறேன்.